மூன்றாம் எண் பொட்டலம்

திருச்செங்கோடு
3.9.2023

அன்புள்ள கொழுந்தனார் வேல்முருகனுக்கு உங்கள் நங்கையா செல்லியம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே என் வலது முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம். உங்கள் அண்ணன் போர்வெல் லாரியோடு சத்தீஸ்கர் போய் நாற்பது நாளாகிறது. எத்தனை அடி இறங்கினால் தண்ணீர் வரும் என்று அவருக்குத் தெரியும். ஊட்டுக்கு எப்போது வருவார் என்றுதான் தெரியாது. ராஜஸ்தானத்தில் உங்கள் முதுகுப் பிடிப்பு விட்டதா? நாற்பத்து நான்கு வயதில் முதுகுக்கு எண்ணெய் தேய்த்துவிட ஓர் ஆள் இல்லாமல் கிடப்பது யார் குற்றம் என்று நான் கேட்கவில்லை.

போனில் நீங்கள் பேசினால் எனக்குக் கொசு பாடுகிற மாதிரிதான் இருக்கிறது. இருபத்திரண்டு வருசம் குமாரபாளையத்துத் தறிப்பட்டறை என் காதைத் தின்றுவிட்டது. எதிரில் நிற்கிறவர்கள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். போனுக்கு உதடு கிடையாதே. எழுத்தைத் தட்டி அனுப்பலாம் என்றால் என் கட்டைவிரல் ஒரே அழுத்தில் மூன்று எழுத்தைப் பிடிக்கிறது. ஐந்தாவது வரைக்கும் பேனா பிடித்த கை. அதனால் கடுதாசி.

சேதி இதுதான். தறியை விட்டுவிட்டேன். ஜூன் மாதத்திலிருந்து இங்கே ஓர் இன்ஜினியரிங் காலேஜ் ஆய்வுக்கூடத்தில் வேலை. கண்ணாடிச் சாமான் கழுவ வேண்டும், கேட்டதை எடுத்துக் கொடுக்க வேண்டும். என்னை வேலை வாங்குகிறவள் ரஞ்சனி. இருபத்தேழு வயது, சூரமங்கலத்து ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, கல்லைக் கரைக்கிற டாக்டர்.

அந்தக் கல் எது தெரியுமா? நீங்கள் வேலை பார்க்கிற அதே துத்தநாகக் கல்தான் சாமி! நீங்கள் தினம் தினம் பார்ப்பீர்கள், ஆனால் ஒரு நாளாவது பார்த்திருக்க மாட்டீர்கள். ஜன்னல் பக்கம் வைத்து மெல்லத் திருப்பினால் உள்ளே பனைவெல்லப் பாகு உறைந்து கிடக்கிற மாதிரி இருக்கிறது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் யாரோ உள்ளே விளக்கை ஏற்றிவிட்டுப் போன மாதிரி. அதைப் பொடியாக்கி, சல்லடை சல்லடையாகச் சலித்து, ஐந்து பொட்டலம் போட்டிருக்கிறாள். ஒன்றாம் எண் ரொம்ப நைசு. ஐந்தாம் எண் ரொம்பக் கரடு. ஒவ்வொன்றையும் சுடுதண்ணீரில் உட்கார்ந்திருக்கிற கண்ணாடிக் குடுவையில், இரும்பு உப்புக் கலந்த கந்தக அமிலத்தில் போட்டுச் சுழல விடுவாள். தண்ணீர் முதலில் செம்பட்டையாக இருக்கும். கல் கரையக் கரைய நிறம் இறங்கிக்கொண்டே வந்து, சாயங்காலம் பச்சைப்பயறு வேகவைத்த தண்ணீர் மாதிரி ஆகிவிடும். பத்து நிமிசத்துக்கு ஒருதரம் ஒரு சொட்டு எடுத்துச் சீசாவில் விட்டு, நேரம் எழுதி ஒட்டுவது என் வேலை. மற்ற நேரமெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மத்தியான வெயில் அந்தக் குடுவையில் விழுந்தால் எனக்கு எந்த ஊரில் இருக்கிறேன் என்பதே மறந்துபோகிறது. சுழலுகிற மோட்டார் சத்தம் எனக்குக் கேட்காது. மேசைமேல் உள்ளங்கையை வைத்தால் வேகம் கூடியதா குறைந்ததா என்று சொல்லிவிடுவேன். ரஞ்சனி இரண்டு தடவை சோதித்துப் பார்த்து அசந்துவிட்டாள்.

போன வெள்ளிக்கிழமை அவள் அம்மாவுக்குக் காய்ச்சல். "மூணாம் நம்பரைப் பத்துப் பத்து கிராமா நிறுத்து மடிச்சு வைங்க்கா, திங்கக்கிழமை வந்து போடறேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாள். பிரித்துப் பார்த்தேன். ரவை மாதிரி நறநறவென்று கிடக்கிறது. இதைக் கொடுத்தால் நம் கையைப் பற்றி என்ன நினைப்பாள்? சின்னக் கல் கிண்ணமும் குழவியும் இருந்தது. காலையில் உட்கார்ந்தவள் நாலு மணிக்குத்தான் எழுந்தேன். விபூதி தோற்றது, அப்படி ஒரு பதம். பன்னிரண்டு மடிப்பு மடித்து, மேலே 3 என்று எழுதி வைத்துவிட்டேன். நாளைக்கு அவள் வந்தாலும் சொல்லப்போவதில்லை. செய்த வேலையைச் சொல்லிக் காட்டுவது நமக்குப் பழக்கமா?

உங்கள் ஆலையில் இந்தக் கல்லை எப்படிக் கரைக்கிறீர்கள்? எது சேர்த்தால் சீக்கிரம் கரையும்? எழுதுங்கள், ரஞ்சனியிடம் அலட்டிக்கொள்கிறேன்.

முதுகைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
உங்கள் நங்கையா
செல்லியம்மாள்


ராஜஸ்தான்
17.9.2023

நங்கையாவுக்கு வேல்முருகன் வணக்கத்துடன் எழுதுவது. முதுகு தேவலை. முழங்காலுக்கு ஒரு தைலம் தனியே அனுப்பியிருக்கிறேன். தேயுங்கள், அலமாரியில் வைத்துப் பூஜை செய்ய வேண்டாம்.

எங்கள் ஆலையில் பெரும்பாலும் கல்லை முதலில் உலையில் வறுத்துவிட்டுத்தான் அமிலத்தில் போடுவோம். வறுக்காமல் நேரே கரைக்கிற தொட்டிகளும் உண்டு. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். சூடு கூடினால் வேகம் கூடும். அமிலமும் நல்ல காரமாக இருக்க வேண்டும். நீங்கள் சொன்ன இரும்பு உப்பு இல்லாவிட்டால் கல் அசையாது, அழுகின முட்டை வாடைதான் மிச்சம். கல்லுக்குள்ளேயே இரும்பு இருந்து கறுத்திருந்தால், தேன் நிறக் கல்லைவிட அது வேகமாகக் கரையும். சுழற்றுவது பொடி அடியில் தங்காத அளவுக்கு இருந்தால் போதும். அதற்குமேல் எவ்வளவு சுழற்றினாலும் பலனில்லை. போகப் போகக் கல்மேல் மஞ்சளாகக் கந்தகப் படலம் பிடிக்கும். அது தடித்துவிட்டால் அமிலம் உள்ளே போக வழி தேடும், வேகம் விழுந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், பொடி எவ்வளவு நைசு என்பது. ஒரு குண்டுக் கல்லை நூறாக உடைத்தால் அமிலம் தொடுகிற இடம் பல மடங்கு பெருகும். நைசாக இருந்தால் வேகம், கரடாக இருந்தால் மெது. அந்தப் பெண் ஐந்து பொட்டலம் போட்டதே அதை அளந்து பார்க்கத்தான்.

நங்கையா, சிரிக்காமல் கேளுங்கள். மூன்றாம் பொட்டலம் கரடாக இருந்தது தவறு அல்ல. அது அப்படித்தான் இருக்க வேண்டும். நீங்கள் அரைத்ததை அந்தப் பெண்ணிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். பன்னிரண்டு மடிப்பையும் கொட்டிவிட்டு வேறு எடுத்துக்கொள்வாள். ஒரு நாள் வேலைதான் வீண்.

பதிலை எதிர்பார்க்கும்
வேல்முருகன்


திருச்செங்கோடு
8.10.2023

கொழுந்தனாருக்கு, தைலம் வந்தது. வாசம் ஒட்டகத்தை ஞாபகப்படுத்துகிறது. முழங்கால் பயந்துபோய் வலியை நிறுத்திவிட்டது. உங்களுக்குச் சளி என்று பக்கத்து வீட்டு ராமாயி அக்காள் மகன் போனில் கேட்டுச் சொன்னான். சுக்குத் தட்டிப் போட்டுக் குடியுங்கள்.

நீங்கள் எழுதியதை மூன்று தடவை படித்தேன். இவ்வளவு விவரம் தெரிந்த மனுசனுக்குப் பெண் கொடுக்க உங்கள் ஊர் ராசிபுரத்தில் ஒருவர்கூட முன்வரவில்லையே என்று நினைத்தால் எனக்கு ஊர்மேல்தான் கோபம் வருகிறது.

இங்கே ஒரே கொண்டாட்டம். மூன்றாம் பொட்டலம் ஒன்றாம் பொட்டலத்தைவிட வேகமாகக் கரைந்துவிட்டது! ரஞ்சனி முதலில் நம்பவில்லை. மறுபடி போட்டாள். மறுபடியும் அதே மாதிரி. மூன்றாவது தடவை போட்டபோது அவள் உட்காரவே இல்லை, ஜன்னலுக்கும் குடுவைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். அரை மணியில் தண்ணீர் வெளுத்தது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். "யாருமே பாக்காததுங்க்கா! இந்த ஒரு அளவுல மட்டும் கல்லு வேற மாதிரி நடந்துக்குது!" என்றாள். அவளுடைய பேராசிரியர் சரவணமுத்து சார் வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிப் பார்த்தார். பால்கோவா வாங்கிவரச் சொன்னார். எனக்கும் ஒரு பொட்டலம்.

வேறென்ன. இந்தப் பக்கம் மழை இன்னும் பிடிக்கவில்லை. மலைமேல் மேகம் வந்து உட்காருகிறது, கொஞ்ச நேரம் கோயிலைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுகிறது. ஆய்வுக்கூட ஜன்னலில் நின்றால் அது நன்றாகத் தெரியும். உங்களுக்கு ஒரு சால்வை எடுத்து வைத்திருக்கிறேன். நீலமா பழுப்பா, எது வேண்டும்?

சளியோடு மல்லுக்கட்டாதீர்கள்.
செல்லியம்மாள்


ராஜஸ்தான்
24.10.2023

நங்கையாவுக்கு, சளி போய்விட்டது. உங்கள் கடுதாசியில் பால்கோவா இருக்கிறது, மேகம் இருக்கிறது, சால்வை இருக்கிறது. நான் கேட்டது மட்டும் இல்லை.

சொன்னீர்களா இல்லையா?

அந்தப் பெண் இப்போது உலகத்தில் இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். கல் வேறு மாதிரி நடந்துகொள்ளவில்லை. நீங்கள் அரைத்தீர்கள், அவ்வளவுதான். மூன்று தடவையும் ஒரே மாதிரி வந்ததற்குக் காரணம், மூன்று மடிப்பும் உங்கள் கை அரைத்தது. நாளாக ஆக அவள் இதன்மேல் கட்டிக்கொண்டே போவாள். இப்போதே சொன்னால் சின்னக் கஷ்டம்.

அண்ணன் வந்தால் போன் செய்யச் சொல்லுங்கள். காலை வெந்நீரில் வையுங்கள்.

வேல்முருகன்


திருச்செங்கோடு
3.12.2023

கொழுந்தனாருக்கு நங்கையா எழுதுவது. நாற்பது நாளாக எழுதாததற்கு என் காதைத் திருகிக்கொள்கிறேன். அது எப்படியும் சும்மாதான் இருக்கிறது. நீங்கள் நன்றாகச் சாப்பிடுகிறீர்களா? அந்த ஊர் ரொட்டி உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா?

தீபாவளிக்கு உங்கள் அண்ணன் நான்கு நாள் வந்தார். தலைமுடியில் சத்தீஸ்கர் மண். குளிப்பாட்டியதில் சாக்கடை சிவந்துபோனது. நான்கு நாளும் தூங்கினார். ஐந்தாம் நாள் காலையில் எழுந்து, "ஏனுங்கம்மிணி, ஊடு வெள்ளையடிச்சாப்பல இருக்குதே?" என்றார். போன வருசம் அடித்தது. பிறகு லாரி ஏறிவிட்டார்.

ஒரு கனவு கண்டேன். மத்தியானம், குடுவைக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தபடி கண்ணசந்துவிட்டேன். சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு வரைக்கும் நிலமெல்லாம் அந்தக் கல்லாக இருக்கிறது. தேன் நிறத்தில் சோளக்காடு, தேன் நிறத்தில் ரோடு, டவுன் பஸ்கூட அந்த நிறம். நான் வெறுங்காலோடு நடக்கிறேன். நடக்க நடக்கக் காலடியில் கரைகிறது. வலிக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் நான் நடந்த இடமெல்லாம் வெளிர் பச்சைத் தண்ணீர் நிற்கிறது, அதில் மலை தலைகீழாகத் தெரிகிறது. யாரையோ கூப்பிட்டு அதைக் காட்ட வேண்டும் என்று ஆசை. வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை. விழித்தபோது ரஞ்சனி என் தோளில் கை வைத்திருந்தாள். "பத்து நிமிசம் ஆச்சுங்க்கா, சொட்டு எடுக்கோணும்."

ஜனவரியில் ஹைதராபாத்தில் ஒரு பெரிய கூட்டமாம். மூன்றாம் பொட்டலத்தைப் பற்றிப் பேச அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆய்வுக்கூடச் சாவியை என்னிடமே கொடுத்துவிட்டாள். இடுப்பில் சொருகிக்கொண்டு நடக்கிறேன், நடையே மாறிவிட்டது.

நீங்கள் ஒன்று கேட்டிருந்தீர்கள். நானும்தான் ஒன்று கேட்டேன், சால்வை நீலமா பழுப்பா என்று. அதற்குப் பதில் வந்ததா? பெரிய மனுசர் கேட்டால் மட்டும் பதில் வேண்டுமாக்கும்.

குளிரில் வெளியே அலையாதீர்கள்.
செல்லியம்மாள்


ராஜஸ்தான்
20.12.2023

நங்கையாவுக்கு, பழுப்பு. உடம்பு சுகம். இங்கே காலையில் பேசினால் வாயிலிருந்து ஆவி வருகிறது.

இந்தத் தடவை நான் எதுவும் கேட்கவில்லை. ஒன்று சொல்கிறேன். அண்ணனுக்குக்கூடத் தெரியாது.

இதற்கு முன் வேறோர் ஆலையில் இருந்தேனே, பதினைந்து வருசத்துக்கு முன்பு. கரைக்கிற தொட்டியின் சூட்டை மணிக்கு ஒருதரம் ஏறிப் பார்த்துத் தாளில் எழுத வேண்டும். எப்போதும் தொண்ணூற்றிரண்டுதான் இருக்கும். ஒரு மத்தியானம் படி ஏறச் சோம்பல். நான்கு மணி நேரத்துக்கும் தொண்ணூற்றிரண்டு என்று எழுதிவிட்டேன். நீராவிக் குழாய் அடைத்திருந்தது. தொட்டி ஆறிப்போய், பொடி கரையாமல் அடியில் சேறாக இறுகி, சுழல்கிற தண்டு உடைந்தது. விசாரித்தபோது தாளில் எல்லாம் சரியாக இருந்தது. அதனால் குழாயைக் கவனித்துக்கொண்டிருந்த ஒடிசாக்காரர்மேல் பழி விழுந்தது. என்னைவிடப் பெரியவர். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றபோது எனக்கும் கை ஆட்டிவிட்டுப் போனார்.

சொல்லிவிடலாம் என்று ஒரு வாரம் நினைத்தேன். அப்புறம் ஒரு மாதம் நினைத்தேன். அப்புறம் அவர் ஊர் பெயர் மறந்துபோனது.

பொங்கல் வாழ்த்து.
வேல்முருகன்


திருச்செங்கோடு
21.1.2024

அன்புள்ள கொழுந்தனாருக்கு, பொங்கல் நன்றாகப் போனது. சால்வை அனுப்பியிருக்கிறேன், பழுப்புதான். உங்கள் கடுதாசியைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் யாரையும் கிண்டல் செய்யவில்லை. ராமாயி அக்காள் வந்து உடம்புக்கு என்ன என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நான் சொல்லவில்லை. போதுமா? எழுதிவிட்டேன்.

நீங்கள் முதல் தடவை எழுதியபோதே எனக்கு விளங்கிவிட்டது. அன்றைக்கே சொல்லத்தான் போனேன். நான் போய் நின்றபோது அவள் மூன்றாவது மடிப்பைக் குடுவையில் போட்டிருந்தாள். என் கையைப் பிடித்துச் சுற்றினாளே, அந்த நாள்தான் அது. சுற்றி முடித்ததும் மூச்சு வாங்க நின்று என் முகத்தைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்து, "சாப்புட்டியா கண்ணு?" என்றேன்.

தறிப்பட்டறையில் எனக்குப் பேர் கிடையாது. ஆறாம் நம்பர் தறி, அவ்வளவுதான். இங்கே அவள் தினம் காலையில் என் கையை மேசைமேல் வைத்து, "இன்னிக்கு வேகம் எப்படி இருக்குதுங்க்கா?" என்று கேட்கிறாள். நான் சொல்வதை நோட்டில் எழுதிக்கொள்கிறாள். அந்த அறைக்குள் போனால் எனக்குக் காது கேட்காதது ஒரு குறையாகவே படுவதில்லை. கண்ணாடியும் வெயிலும் நிறம் மாறுகிற தண்ணீருமாக, யாரோ எனக்காகவே அப்படி ஓர் இடம் செய்துவைத்த மாதிரி இருக்கிறது. சொன்னால் அந்தக் கதவு சாத்திவிடும். இதுதான் விசயம். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?

இன்னொன்றும் உண்டு. ஹைதராபாத்தில் அவள் பேசியதைக் கேட்டு, பின்லாந்து என்கிற தேசத்திலிருந்து ஒருவர், "எங்களிடம் வந்து இதே வேலையைத் தொடர்ந்து செய்" என்று கூப்பிட்டிருக்கிறார். ஜூனில் போக வேண்டும். அதற்குள், மார்ச் நான்காம் தேதி, புத்தகம் கட்டிப் பட்டத்துக்குக் கொடுக்க வேண்டும். அவளுடைய அம்மா ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்துவிட்டார்கள். இந்த நேரத்தில் போய் நான் என்னவென்று சொல்வேன்? நான் வாயை மூடிக்கொண்டால் ஒரு பொண்ணு நன்றாக இருப்பாள். நீங்களே யோசித்து எழுதுங்கள்.

உங்கள்
செல்லியம்மாள்


ராஜஸ்தான்
4.2.2024

நங்கையாவுக்கு, சால்வை அளவாக இருக்கிறது. நலம்.

யோசித்தேன். பின்லாந்திலும் அவள் இதே அளவுப் பொடியைத்தான் சலித்துப் போடுவாள். அங்கே அரைத்துக் கொடுக்க நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

வேல்முருகன்


திருச்செங்கோடு
25.2.2024

ரஞ்சனிக் கண்ணுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். தினம் பார்க்கிற ஆளுக்குக் கடுதாசி எழுதுகிறேனே என்று சிரிக்காதே. நேரில் சொல்ல ஐந்து மாதமாக வருகிறேன். உன் முகத்தைப் பார்த்ததும் வேறு எதையோ சொல்லிவிட்டுப் போய்விடுகிறேன். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. இதை எழுதி, காலையில் உன் நோட்டுக்குள் வைத்துவிடுவேன்.

போன செப்டம்பரில் உன் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்றாம் நம்பரை மடித்து வைக்கச் சொன்னாய். அதை நான் அரைத்துவிட்டேன். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும், கல் குழவியில். கரடாகக் கிடந்தால் நல்ல வேலை இல்லை என்று நினைத்தேன். நீ போட்ட எல்லா மடிப்பும் நான் அரைத்ததுதான். ஒன்றாம் நம்பரைவிட நைசாக அரைத்திருப்பேன். அதனால்தான் அது முந்திக் கரைந்தது. கல்லில் அதிசயம் ஒன்றும் இல்லை கண்ணு.

தெரியாமல் செய்தது ஒரு நாள். தெரிந்த பிறகு சொல்லாமல் இருந்தது மற்ற எல்லா நாளும்.

மடிப்பில் ஒன்று மிச்சம் இருக்கிறது. இதோடு வைத்திருக்கிறேன். விரலில் தொட்டுப் பார், தெரியும். பெரிய பூதக்கண்ணாடியிலும் வைத்துப் பார். சாவியும் இதோடு இருக்கிறது.

ஒரு கிண்டலாவது எழுத வேண்டும் என்று ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை.

உன் அம்மாவைக் கேட்டதாகச் சொல்.
செல்லியம்மாள்


திருச்செங்கோடு
16.6.2024

அன்புள்ள கொழுந்தனாருக்கு உங்கள் நங்கையா எழுதுவது. முழங்கால் மறுபடி மழைக்கு ஜாதகம் சொல்ல ஆரம்பித்துவிட்டது. உங்கள் அண்ணன் இப்போது தெலங்கானாவில் இருக்கிறார். நீங்கள் நான்கு கடுதாசி போட்டும் நான் ஒரு வரி எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை, அதனால்தான். இன்றைக்கு இருக்கிறது.

அந்தத் திங்கட்கிழமை ரஞ்சனி நின்றுகொண்டே படித்தாள். அந்த மடிப்பைப் பிரித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் தேய்த்தாள். சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் சரவணமுத்து சார் கூப்பிட்டார். அவர் மீசை உதட்டை மறைத்திருப்பதால் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது. என்னை ஆய்வுக்கூடத்தை விட்டு மாற்றி, காரிடார் கூட்டப் போட்டார்கள். புத்தகம் மார்ச் நான்காம் தேதி போகவில்லை. ஹைதராபாத்துக்கு அவளே எழுதி, தான் பேசியது தப்பு என்று திருப்பி வாங்கிக்கொண்டாளாம். பின்லாந்துக்காரர், இந்த வருசம் வேண்டாம், புதுசாக ஏதாவது கிடைத்தால் எழுது என்று சொல்லிவிட்டார். இதெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மூன்று மாதம் அவள் என் பக்கமாகவே நடந்து போனாள், வந்தாள். நான் பக்கெட்டைத் தள்ளி வைப்பேன், அவள் தாண்டிப் போவாள். ஆய்வுக்கூடக் கதவுக்கு வெளியே தரையைத் துடைக்கும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாகத் துடைப்பேன்.

போன வாரம், திங்கட்கிழமை, கதவு திறந்திருந்தது. அவள் வாசலில் வந்து நின்றாள். இளைத்திருந்தாள். என் நேர் எதிரே முகத்தை வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்.

"நீங்க அரைச்சதுக்கு எனக்குக் கோவமே இல்லீங்க்கா. அது என் தப்பு. எதுக்கு அஞ்சு பொட்டலம்னு நான் உங்களுக்குச் சொல்லவே இல்லை. ஆனா அஞ்சு மாசம் என்னைச் சிரிக்க விட்டு, பக்கத்துல நின்னு பாத்துட்டு இருந்தீங்க பாருங்க, அதுக்குக் கோவம் இருக்குது. அது போகுமான்னு தெரியலை."

"போக வேண்டாம் கண்ணு, இருக்கட்டும்" என்றேன்.

"மோட்டார் மாத்திட்டாங்க. மீட்டர்ல காட்டற வேகம் எனக்கு நம்பிக்கையா இல்லை. உள்ளே வந்து கையை வெச்சுப் பாருங்க. பொடிய மட்டும் தொட்டுப்போடாதீங்க."

பக்கெட்டைச் சுவரோரம் வைத்துவிட்டுப் போனேன். மறுபடி கல்லை உடைத்து, மறுபடி சலித்து, புது மூன்றாம் பொட்டலம். கரடாக, ரவையாக, எப்படி இருக்க வேண்டுமோ அப்படி. அவளே நிறுத்தாள், அவளே போட்டாள். நான் நேரம் மட்டும் பார்த்தேன். கொழுந்தனாரே, அது எவ்வளவு மெதுவாகக் கரைகிறது தெரியுமா? ஒரு மணி நேரம் ஆகியும் தண்ணீரின் செம்பட்டை அப்படியே நிற்கிறது. ஜன்னல் வெயில் தரையில் இறங்கி, சுவரில் ஏறி, போய்விட்டது. பொடி மட்டும் சுழன்றுகொண்டே இருந்தது. தூறல் வந்து போனது. ஐந்து மணிக்குத்தான் நிறம் லேசாக இறங்க ஆரம்பித்தது. அவ்வளவு பொறுமையாக ஒன்று கரைவதை நான் அதுவரை பார்த்ததில்லை.

சீசாக்களையெல்லாம் சோதித்து முடிக்க மூன்று நாள் ஆனது. வியாழக்கிழமை கட்டம் போட்ட தாளை விரித்தாள். ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து, எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே புள்ளி இருந்தது. மூன்றுக்கு மேலே, வானத்தில் தனியாக நின்ற பழைய புள்ளியை அடித்தாள். புதுப் புள்ளியை இரண்டுக்கும் நான்குக்கும் நடுவில் வைத்தாள். ஐந்தும் ஒரே கோட்டில், மலைப்படி மாதிரி இறங்கி வந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. "பழசு அழகா இருந்துச்சு, இல்ல கண்ணு?" என்று கேட்டேன்.

"ஆமாங்க்கா. ரொம்ப அழகா இருந்துச்சு" என்றாள். கண் நிறைந்திருந்தது. பிறகு பென்சிலைக் கூராக்கிக்கொண்டு, அந்த ஐந்து புள்ளிகளையும் தொட்டு ஒரு கோடு இழுத்தாள்.

உங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். அந்த ஒடிசாக்காரர் ஊர் எது என்று பழைய ஆட்கள் யாருக்காவது தெரிந்திருக்கும், விசாரியுங்கள்.

உங்கள் நங்கையா
செல்லியம்மாள்